பொடிசின் கிட்டாருக்குப் புது பிக்அப்

உங்கள் அறை மின்விசிறி லேசாகத் தட்டுகிறது, டாக்டர். பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும். தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று சத்தம் போடும் சாமான்களைத்தான் இத்தனை வருஷமாகப் பிரித்துப் பூட்டுகிறேன்.

மேஜைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்திருக்கிறீர்கள். ஒன்று, ஆறு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் என் தங்கச்சிக்கு எடுத்த காதுச் சோதனை. கோடு மேலேயே நேராக ஓடுகிறது. இன்னொன்று இன்று காலை எடுத்தது. அதில் கோடு படிக்கட்டில் கால் தவறியதுபோல் இறங்கிக்கொண்டே போகிறது. நடுவில் என்ன நடந்தது, எந்த மாதிரி இரைச்சலில் வேலை பார்த்தாள் என்று கேட்கிறீர்கள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டதும் நல்லதுதான். சொல்கிறேன்.

அவளை நாங்கள் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்துமூன்று. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். முதல் வாரம் அவளுக்கு நான் தலை பின்னி அனுப்பியதைப் பார்த்து, கீழ் வீட்டு டீச்சர், "உங்க அண்ணன் ஜடையைக்கூட ஒயர் முறுக்குற மாதிரியில்ல முறுக்கியிருக்காரு" என்று சிரித்தார். பத்து நாளில் ஒழுங்காகப் பின்னக் கற்றுக்கொண்டேன். பிற்பாடு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், "தங்கச்சியை ஹாஸ்டல்ல சேத்துடலாமே" என்றார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முன்கதை தெரியாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்கு விகாரமாகத் தெரியும்.

பதினைந்து வயதில் கிட்டார் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டில் ஒரு ஹோட்டலில் வாரக் கடைசி வாசிப்பு, மற்ற நாளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் வகுப்பு. அப்போது வாங்கியதுதான் அந்த நீல நிற எலக்ட்ரிக் கிட்டார். பார்வைக்கு அவ்வளவு அழகு. வாங்கி வந்து ஆம்பில் சொருகி ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பாக்கறதுக்கு ராஜகுமாரி, வாயத் தொறந்தா ஜலதோஷம்" என்றாள்.

குறை கிட்டாரில் இல்லை, பிக்அப்பில். கம்பிகளுக்கு அடியில் இருக்குமே, காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள்கள், அவைதான் பிக்அப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புவது அவைதான். ஒரு வகையில் அதுதான் கிட்டாரின் காது. கம்பெனியில் வரும்போதே சிலவற்றில் மலிவுச் சரக்கைப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். மரம் நன்றாக இருக்கும், கழுத்து நன்றாக இருக்கும், சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வரும்.

ஒரு வருஷம் அதையே வைத்து ஓட்டினாள். அந்த வருஷம்தான் டிரம்மர் வந்தான். அதே ஹோட்டலில் டிரம்ஸ் வாசிக்கிறவன். நல்ல பையன்தான், அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். பயணிகள் கப்பலில் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று அவளிடம் சொன்னான். ஒன்பது மாதம் கடலில், பிறகு கொஞ்சநாள் கரையில், மறுபடியும் கடல். வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பவேண்டும். அதற்காகப் பொடிசு நல்ல பிக்அப் ஒரு செட் வரவழைத்தாள். மூன்று சுருள்கள், பாலேடு நிறத்தில் மூடி.

பெட்டியைக் கொண்டுவந்து என் ரிப்பேர் கடை மேஜைமேல் வைத்தாள். "அண்ணா, இத நீதான் மாட்டித் தரணும். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

"கப்பல்ல ரிப்பேர் ஆனா யார்கிட்டக் குடுப்ப?" என்று கேட்டேன்.

"உன்னையும் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் வகுப்பு எடுக்கப் போனபிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

டாக்டர், நான் அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். கம்பிகளைத் தளர்த்தி, வெள்ளைத் தகட்டைக் கழற்றி, பழைய சுருள்களை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். ஒயர் முனைகளில் பற்றவைத்த ஈயம் மணிமணியாக உட்கார்ந்தது. மறுபடியும் கம்பி பூட்டிச் சுருதி சேர்த்து, ஆம்பில் சொருகி, எனக்கு வாசிக்கத் தெரியாது, சும்மா ஒரு கம்பியை விரலால் இழுத்து விட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஜன்னலைத் துடைத்தபிறகுதான் இத்தனை நாள் தூசி வழியாகப் பார்த்தோம் என்று தெரியும், அந்த மாதிரி. ஒரு கம்பிதான். அது அடங்கி முடியும்வரை நான் மூச்சு விடவில்லை. என் விரலுக்கே இப்படி என்றால் அவள் விரலுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். இதைக் கேட்டால் யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆம்பை அணைத்தேன். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். பழைய சுருள்களை அதே இடத்தில் வைத்து, புது மூடிகளை மட்டும் அவற்றுக்குப் போட்டுப் பூட்டிவிட்டேன். மேலே பார்த்தால் புதுசு. நிஜப் புதுசை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். இன்னமும் வைத்திருக்கிறேன். அவள் ஆசைப்பட்டு வாங்கியது, தூக்கிப்போட மனசு வரவில்லை.

சாயங்காலம் வந்து வாசித்தாள். ஒரு பாட்டு, பாதிவரை. நிறுத்திவிட்டுக் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "நல்லா இருக்குண்ணா. ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். நான் உட்கார்ந்து செய்த வேலையைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்காகப் பொய் சொன்னாள். எங்கள் வீட்டில் முதல் பொய் அவள் சொன்னது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அண்ணா, உண்மையச் சொல்லு. உனக்கு வித்தியாசம் தெரியுதா?" என்றாள்.

மாற்றவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். பழுது என்று சொல்லி, பிரித்துச் சரிசெய்வதுபோல் புதியதை மாட்டியிருக்கலாம். வாய் கொப்பளித்துவிட்டு நான் சொன்னது: "மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்மா. உனக்குத் தெரியலையா?"

அவள் கை தன்னால் காதுக்குப் போயிற்று.

டிரம்மர் கேட்டுவிட்டு, பழைய மாதிரியேதான் இருக்கிறது என்றானாம். "டிரம்ஸ் அடிக்கிறவன் காதை நம்பி நீ முடிவு பண்ணாத" என்றேன். அண்ணன் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. அதனால் காது டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றாள். நானே இங்கே கூட்டிவந்தேன். அன்று இருந்தவர் வயதானவர். காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, இந்த முதல் தாளைக் கொடுத்தார். பொடிசு எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது நான் சொன்னேன்: "மெஷின் போடுற பீப் சத்தம் எல்லாருக்கும் கேக்கும்மா. பாட்டுக் காது வேற."

பதிவு போயிற்று. டிரம்மரை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு, வாசிப்பில் தெளிவு போதாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவன் விடைபெற வந்து வாசலிலேயே நின்றான். "அடுத்த தடவையும் அனுப்பு. நான் சொல்லி வைக்கிறேன்" என்றான். அவள் தலையாட்டினாள். பிறகு ஆறேழு மாதம் அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் இல்லை.

இத்துடன் நிறுத்தியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் நான்கு மாதம் கழித்து, மறுபடியும் வாசித்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். அப்போதுதான் குரலைக் குறைக்க ஆரம்பித்தேன். அதற்கு ஒரு கருவியும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நூல் அளவு மெதுவாகப் பேசவேண்டும், அவ்வளவுதான். டிவியையும் அப்படியே. "என்னண்ணா?" என்பாள். நான் பதில் சொல்லாமல் ஒரு நொடி அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு, உரக்கத் திருப்பிச் சொல்வேன். அந்த ஒரு நொடி போதும். மூன்றே மாதத்தில் ஹோட்டல் வாசிப்பை விட்டாள். வகுப்புகளை விட்டாள். பிள்ளைகள் தப்பாக வாசித்தால் தனக்குத் தெரியாமல் போய்விடுமாம்.

பிறகு அவளே, "காது கேக்குறதுக்கு மெஷின் வெச்சுக்கலாமாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம், உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான். கடையில் யாரோ ஒரு ஜோடியாக ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனது. இரண்டு காதுக்கும் நான்தான் பொருத்தினேன். முதலில் ரொம்பக் குறைவாக வைத்தேன். கேட்டதும் அழுதுவிட்டாள். "எல்லாம் திரும்பி வந்திருச்சுண்ணா" என்றாள். வராமல் என்ன, போகவே இல்லையே. அதன்பிறகு மாதம் ஒருமுறை சுத்தம் செய்கிறேன் என்று வாங்கி, உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தலை வலிக்கிறது என்றாள். பழகிவிடும் என்றேன். கழற்றி வைத்தபிறகும் உள்ளே ஏதோ கூவுகிறது என்றாள். நரம்பு வேலை செய்கிறது, நல்லதுதான் என்றேன். ஒரு ஸ்பீக்கர் சுருள் எவ்வளவு தாங்கும், எப்போது கருகும் என்று எனக்கு அத்துப்படி. காதும் அதே கதைதான் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வருஷம் நான் குரலைக் குறைக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் பின்னால் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். துணி மடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, டாக்டர். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன மாதம், கிட்டார் தூசி தின்கிறது, யாருக்காவது உபயோகப்படட்டும் என்று பழைய வாத்தியக் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் வெள்ளைத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். சுருளுக்கு அடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காந்தப் பட்டையைத் தட்டிக்காட்டி, "இது கம்பெனியோட வந்த மட்டமான பிக்அப்புங்க. மூடிய மட்டும் மாத்தியிருக்காங்க. பாவம், யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், தெளிவாகத்தான் சொன்னார். கடைக்கு வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பொடிசு அவர் உதட்டையே கூர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னண்ணா சொல்றாரு?"

நான் அவள் காதருகே குனிந்து சொன்னேன்: "நல்லா பாத்து வெச்சிருக்கீங்கன்னு சொல்றாரும்மா."

அவள் அந்த மனிதருக்குக் கைகூப்பி, "எல்லாம் எங்க அண்ணன்தான்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் தெருவில் வேன் பின்னால் வந்தது தெரியாமல் அவள் அடிபடப் பார்த்தாள். கீழ் வீட்டு டீச்சர்தான் பிடித்து இழுத்தார். அவர் விடாப்பிடியாக நின்றதால் இன்று வந்தோம். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டோம், நான் கூட்டிவந்திருக்க மாட்டேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவள் எந்த இரைச்சலிலும் வேலை பார்க்கவில்லை. வியாதியும் இல்லை. நல்லாயிருந்த காதை நான்தான், தெரிந்தே, என் கையால் கெடுத்தேன். போலீசுக்கு எழுதுவதென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கும் எழுதிக் காட்டுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் இதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், டாக்டர். அம்மா போன நாளிலிருந்து இன்றுவரை, ஒரு நாள்கூட நான் அவளைத் தனியாக விட்டதில்லை.