சிலிண்டர் ஹெட்டில் நான் கீறிய நாலு

எனது பெயர் வீரணன். தகப்பனார் பெயர் கருத்தப்பாண்டி. வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பில் நான்கு நாள். தொழில் கார் டிரைவர். திருப்பூர் நல்லூரில் வாடகை வீட்டில் மனைவியோடு குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். கார் ஷோரூம் மேனேஜர் எங்கள் மேல் கொடுத்த புகாருக்காக 14.09.2007-ம் தேதி காலை பதினொரு மணிக்கு போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னதன் பேரில் வந்து, கேட்டதற்குப் பதிலாகச் சொல்வது என்னவென்றால்:

நான் ஒன்பது வருஷமாக நல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன், அவர் மனைவி செல்லாத்தாள் ஆகியோரிடம் வண்டி ஓட்டி வருகிறேன். செல்லாத்தாள் அவர்களுக்கு வயது நாற்பத்தைந்து. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். கணக்குப்படி இது சரியில்லையே என்று எழுதுகிற ஏட்டய்யா கேட்டார்கள். ஒன்பது வருஷம் ஓடிய பழக்கம், இனிமேல் ரிவர்ஸ் எடுக்க முடியாது. ஆர்டர் பிடிப்பதும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பேசுவதும் மகுடேஸ்வரன் அண்ணன். அக்கா செக்கிங் டேபிளில் உட்காருவார். தைத்து வந்த பீஸை நாமெல்லாம் பார்த்தால் பனியன் தெரியும். அக்கா பார்த்தால் தையல் விட்ட இடம்தான் தெரியும், உடனே அங்கே ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்.

2006-ம் வருஷம் ஆவணி மாதம் பொன்விளை மோட்டார்ஸ் என்ற ஷோரூமில் அக்கா பெயரில் வெள்ளைக் கலர் டீசல் கார் ஒன்று புதிதாக எடுத்தார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நான்தான் ஓட்டி வந்தேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. அதன் பிறகு 2007 ஜனவரியில் சாமளாபுரம் போய்த் திரும்பும்போது சூட்டு முள் மேலே ஏறி, சைலென்சரில் வெள்ளைப் புகை வந்து வண்டி நின்றுவிட்டது. ஷோரூமுக்குக் கட்டி இழுத்துப் போனோம். இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போய்விட்டது, ஆயிரத்தில் ஒரு வண்டிக்கு இப்படி ஆகும் என்று சொல்லி இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனிக்கு எப்போதுமே ஆயிரத்தில் ஒன்று வாய்க்கும் என்று நான் சொன்னதற்கு மகுடேஸ்வரன் அண்ணன்கூடச் சிரித்தார்.

அதன் பிறகு மார்ச் மாதம் மறுபடி அதே மாதிரி நின்றது. இந்தத் தடவை ஷோரூம் மேனேஜர் ராஜ்கமல், நாங்கள் ரேடியேட்டரில் திருப்பூர் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருப்போம், உப்பு அரித்துவிட்டது என்று சொல்லி பில் போட்டார். நாங்கள் அவர்கள் ஷோரூமிலேயே வாங்கிய பச்சைக் கூலண்ட்டைத் தவிர வேறு எதையும் ஊற்றியதில்லை. அந்தக் காலி கேன்களை அக்கா மேஜைமேல் வரிசையாக அடுக்கிக் காட்டினார். அதற்கு மேனேஜர், பில் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி இறக்க முடியாது என்றார். பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தோம்.

தினமும் காலையில் பானட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து அளவு பார்ப்பது என் வழக்கம். மார்ச் மாத ரிப்பேருக்கு அடுத்த நாளிலிருந்து, நான் துடைத்த துணியைத் தூக்கிப் போடவேண்டாம், தன்னிடம் தரவேண்டும் என்று அக்கா சொன்னார். சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது என்ன கலர் கேட்டோம், என்ன கலர் வந்தது என்று துண்டுத் துணியை ஒட்டி வைக்கும் நோட்டு ஒன்று எல்லா பனியன் கம்பெனியிலும் உண்டு. அந்த நோட்டில் நான் துடைத்த துணியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வந்தார். ரோஸ் கலருக்கும் நீலத்துக்கும் பக்கத்தில் என் ஆயில் கலரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. பதினெட்டு நாள் வரை கறுப்பாக இருந்த ஆயில் பத்தொன்பதாம் நாள் பழுப்பானது. அதன் பிறகு நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிட்டது. ஆயிலில் கூலண்ட் தண்ணி கலக்கிறது, மாற்றிய கேஸ்கெட்டில் கோளாறு இல்லை, கேஸ்கெட் உட்காருகிற இடத்தில்தான் கோளாறு என்று அக்கா சொன்னார். பதினைந்து வருஷம் வண்டி ஓட்டுகிற எனக்கு அது தோன்றவில்லை. அக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மே மாதம் மூன்றாவது தடவையாக வண்டி போனபோது அந்த நோட்டை மேனேஜரிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, சேலைக்குக் கலர் பார்க்கிறீர்களா மேடம் என்று சிரித்தார். அதன் பிறகு டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை பாட்டிலில் பிடித்து மோந்து பார்த்து, இதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது, டிரைவர் டீசல் காசை எடுத்துக்கொண்டு ரேஷன் எண்ணெயை ஊற்றுகிறார், அதனால் வாரண்டி செல்லாது, இந்தத் தடவையும் பணம் கட்டவேண்டும் என்று எல்லோர் முன்பாகவும் சொன்னார். பாட்டிலை எங்கும் சோதனைக்கு அனுப்பவில்லை. மூக்குதான் சோதனை.

நான் மனதில் பட்டதைக் கேலியாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு பாட்டிலை வாங்கி நானும் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இந்த ஊரில் டிரைவருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால், காதர்பேட்டையில் மூட்டை ஏற்றும் டெம்போவுக்குக்கூட அவனைக் கூப்பிட மாட்டார்கள். அதன் பிறகு மகுடேஸ்வரன் அண்ணன் என்னிடம் பங்க் பில்லைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். என் இடத்துக்கு சாமளாபுரத்து டிரைவர் ஒருவரை வந்து பார்க்கச் சொன்னதாகவும் தெரியவந்தது. டிரைவர்கள் எல்லாருமே அப்படித்தானுங்க என்று அவர் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எப்போதும் போல டீசலுக்குப் பணத்தை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் நான்காவது தடவை வண்டி நின்றது. சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது, புதிதாகப் போடவேண்டும், நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்று மேனேஜர் வண்டியைப் பார்க்காமலே போனில் சொன்னார். வண்டியை அனுப்புவதற்கு முன்பு அக்கா என்னைக் கூப்பிட்டார். வெளியே வேலைக்குத் துணி அனுப்பினால், போன துணிதான் திரும்பி வருகிறதா என்று தெரிவதற்காக ஓரத்தில் அடையாளம் வைத்து அனுப்புவது எங்கள் கம்பெனி வழக்கம். அதே மாதிரி ஹெட்டின் பக்கவாட்டில் ஓர் அடையாளம் வைக்கச் சொன்னார். நான் மார்க்கர் பேனாவை எடுத்தேன். அது கழுவினால் போய்விடும், கீறுங்கள் என்றார். நான் தையல் மெஷின் ஸ்க்ரூட்ரைவரால், நாலாவது தடவை என்பதால் 4 என்று கீறி, கீழே ஒரு கோடு போட்டேன். எனக்கு நாலு எப்போதுமே கொஞ்சம் குடித்தவன் மாதிரி சாய்ந்துதான் வரும்.

03.09.2007-ம் தேதி காலை பதினொரு மணிக்கு வண்டி ரெடி என்று கூப்பிட்டதால், அக்காவும் நானும் டவுன் பஸ்ஸில் ஷோரூமுக்குப் போனோம். மேனேஜர் பானட்டைத் தூக்கிக் காட்டினார். ஹெட் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. பார்த்ததும் நான்கூட நம்பிவிட்டேன். அக்கா அந்த மினுமினுப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ரப்பர் குழாயின் ஓரத்தையும் கிளிப்பையும் பார்த்தார். அங்கே வெள்ளிப் பெயின்ட் சிதறியிருந்தது. அதன் பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, கம்பெனிக்குப் போயி கறை எடுக்கற கன்னைக் கொண்டாந்துருங்க" என்றார்.

அந்த கன் பற்றித்தான் புகாரில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். துணியில் ஆயில் கறை பட்டால் கெமிக்கல் பீய்ச்சி எடுக்கிற கரண்ட் கன் அது. எல்லா செக்கிங் டேபிளிலும் இருக்கும். தீப்பிடிக்கிற சாமான் இல்லை என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. டப்பாவையும் கன்னையும் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பைக் கொளுத்த வந்தோம் என்பது பொய். கொளுத்த வருகிறவர்கள் ஆட்டோவுக்கு ரசீது கேட்டு வாங்க மாட்டார்கள்.

நான் ஆட்டோவில் போய் கன்னை எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. அதன் பிறகு இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வாக்குவம் கிளீனர் மாட்டியிருந்த பிளக்கில் கன்னை மாட்டச் சொன்னார். மேனேஜர் தடுத்தார். வண்டி அக்கா பெயரில் இருக்கிறது என்று நான் சொன்னேன். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, நடுவில் நின்றேன், அவ்வளவுதான். என் உடம்பு அகலம். அக்கா நான்கைந்து தடவை பீய்ச்சி, பனியன் வேஸ்ட்டால் மூன்று தடவை துடைத்தார். துணியில் வெள்ளிப் பெயின்ட் வந்தது. அதன் பிறகு பழைய இரும்பு வந்தது. அதன் பிறகு என் 4 வந்தது, சாய்ந்தபடி, கீழே கோட்டோடு.

மெக்கானிக்குகள் மூன்று பேர் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். மேனேஜர், ஹெட் கார் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது என்றார். "எங்க அண்ணன் கையெழுத்துலயேங்களா?" என்று அக்கா கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அதன் பிறகு மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, புது ஹெட்டை இலவசமாகவே போட்டுத் தருகிறோம், இதுவரை கட்டிய பணத்தையும் திருப்பித் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அதற்குள் மகுடேஸ்வரன் அண்ணனும் வந்துவிட்டார். மறுநாள் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் பையரைக் கூப்பிட வேண்டியிருந்ததால், சீக்கிரம் கையெழுத்தைப் போட்டுக்கொடு என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பேப்பரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். அதில், டிரைவர் டீசலில் மண்ணெண்ணெய் கலந்ததால் ஏற்பட்ட பழுது என்றாலும், வாடிக்கையாளர் நலன் கருதிச் சரி செய்து தரப்படுகிறது என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அந்த வரி இல்லாவிட்டால் தலைமை ஆபீசில் இலவசத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஃபைலில்தானே கிடக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் மேனேஜர். அக்கா பேனாவை மூடி அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அன்று சாயங்காலமே எங்கள் மேல் இந்தப் புகார் கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது.

இன்று காலை இன்ஸ்பெக்டர் அய்யா, மேனேஜர் அதே பேப்பரோடு வந்திருப்பதாகவும், கையெழுத்துப் போட்டால் புகாரையும் திரும்பப் பெற்று வண்டியையும் கொடுத்துவிடுவார் என்றும் சொன்னார்கள். பதினொரு நாளாக அக்கா டவுன் பஸ்ஸில்தான் போகிறார். நான் ஓட்ட வண்டி இல்லாமல் செக்கிங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறேன், சம்பளம் மட்டும் டிரைவர் சம்பளம். ஆகவே வெளியே போய், பிடித்து வைத்திருக்கிற பைக்குகளுக்கு நடுவில் நின்ற அக்காவிடம், "போட்டுருங்கக்கா. எம்பேரு என்ன பெரிய பேரு, ஊருல இருக்க வீரணன்ல எவன்னு யாருக்குத் தெரியப்போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"பீஸ்ல டேமேஜ்னா அம்பு ஸ்டிக்கரைப் பீஸ்லதானுங்ணா ஒட்டோணும். தெச்ச ஆளு நெத்தில ஒட்டுனா, அந்த டேமேஜ் அப்புடியே பெட்டில பேக் ஆயி போயிருமுங்க."

பக்கத்தில் நின்ற மகுடேஸ்வரன் அண்ணனும் அதைக் கேட்டார். அதன் பிறகு உள்ளே வந்து மேனேஜரிடம், அந்த வரியை எடுத்துவிட்டு, டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தால் பேசலாம், இல்லாவிட்டால் வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் நுகர்வோர் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

காலையில் நான் ராஜி ஆகிற யோசனையில்தான் வந்தேன். இப்போது எனக்கும் அதில் சம்மதம் இல்லை. நான் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கவில்லை. அதை எழுத்தில் வாங்காமல் எந்தப் பேப்பருக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் எழுதியிருப்பதை ஏட்டய்யா எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்) க. வீரணன்