பால் பார்க்கிற வெள்ளிக்கிழமை

— நாளைக்கு அந்தப் பால் பாக்குறது மட்டும் வேண்டாம் பரிபூரணம் டீச்சர். வேற என்னத்தையாவது வச்சு நடத்துங்க.

— மொதல்ல உக்காருங்க சீனியம்மா. எம்புட்டு மூச்சு வாங்குது. வெள்ளிக்கிழமைன்னா பிள்ளைக கேட்ட கேள்வியில ஒண்ண எடுத்து, தாய் தகப்பனையும் கூட்டி வச்சுக் கண்டுபிடிக்கிறதுதான. போன வாரம் மாவு ஏன் பொங்குதுன்னு பாத்தப்ப நீங்களும் சட்டியோட வந்தீங்களே.

— மாவு பொங்கினா யாரு குடி முழுகப் போகுது? இது பாலு டீச்சர்.

— இருக்கட்டுமே. அவங்கவங்க வீட்டுல வாங்குற பால்ல ஒரு செம்பு கொண்டாறாங்க. பெரிய பள்ளிக்கூடத்துல லாக்டோமீட்டர் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். தண்ணி கலந்த பாலுன்னா அது இன்னும் கொஞ்சம் உள்ள முங்கும். பிள்ளைகளே பாத்துச் சொல்லட்டும்.

— அதான் வேண்டாங்கேன். இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு எங்க வீட்டுக்காரருதான ஊத்துதாரு.

— எங்க வீட்டுக்கும் அவருதான். காப்பி நல்லாத்தான் இருக்கு.

— நீங்க அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் கூசுது.

— உங்க வீட்டுக்காரரு காளிராஜ் பயந்த மாதிரியே தெரியலையே. நேத்துச் சொன்னதும் மொகமெல்லாம் சிரிப்பு. ‘நானே கேனோட வாரேன், மொதல்ல எம் பாலுக்குள்ள விடுங்க’ன்னாரு.

— அதைத்தான் தாங்க முடியல. வெள்ள வேட்டிய அலசிக் காயப் போட்டிருக்காரு. போற வீட்டுலயெல்லாம் சைக்கிள நிப்பாட்டி, ‘நாளைக்கு வந்து பாருங்க, ஆண்டாள் சத்தியமா கலப்பில்லாத பாலு’ன்னு சொல்லிக்கிட்டு வாராரு.

— நல்லதுதான? ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க, அவரு கலக்குறாரா?

— அவரா? பிள்ள குடிக்கிற பால்ல தண்ணி ஊத்துனா கை அழுகிப்போகும்னு சொல்லுத மனுசன்.

— அப்பொறம் எதுக்கு வேண்டாங்குறீங்க?

— கறக்குறது நான் டீச்சர். கேன்ல அளந்து ஊத்துறதும் நான். அவரு சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போறதோட சரி.

— இருங்க. நீங்களா?

— பசு வத்திக்கிட்டு வருது. இன்னும் சினை பிடிக்கல. அளவு கொறஞ்சது தெரிஞ்சா அன்னைக்கே அடிமாடா லாரியேத்திக் கேரளாவுக்கு அனுப்பிருவாரு. முன்ன ஒண்ண அப்படித்தான் அனுப்புனாரு. இது எங்க ஆத்தா எனக்குன்னு கன்னுக்குட்டியாப் பிடிச்சு விட்டது. ஆத்தா போயிட்டா, இதுதான் இருக்கு. சினை பிடிக்கிற வரைக்கும்னு ஒரு செம்பு ஊத்துனேன். பொறவு ரெண்டாச்சு. பால்கோவாக் கடையில காச்சுனதும் கண்டுபிடிச்சிருவாகன்னு, இனி வீட்டுகளுக்கே ஊத்துங்கன்னு சொன்னதும் நான்தான்.

— இன்னைக்கே அவருகிட்டச் சொல்லிருங்க.

— சொன்னா மாடு போயிரும். சொல்லாட்டி அத்தன பேரு முன்னாடி, பெத்த பிள்ள முன்னாடி, வெள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு அவரு திருடனா நிக்கணும். அவரு என்ன தப்புப் பண்ணாரு?

— அவருக்காகத்தான் சொல்லுறேன். எழுதப் படிக்கக் கத்துக்க வந்த அறிவொளி வகுப்புல எதையும் ஏன், எதுக்குன்னு விடாமக் கேட்ட ஆளு நீங்க.

— கேக்குறது லேசு டீச்சர். உங்களக் கும்புடுதேன். எம் பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது. அது மொகத்துல பொறவு எப்படி முழிப்பேன்? எந்தப் பிள்ள கேட்டுச்சோ, அதுகிட்ட எதையாச்சும் சொல்லிச் சமாளிங்க.

— உங்க செல்லக்கனிதான் கேட்டா.

— எங்க பிள்ளையா? வீட்டுல ஒரு வார்த்த பேசலையே.

— அவ கேட்டது எனக்கு அன்னைக்கு வெளங்கல, இப்பத்தான் வெளங்குது. ‘பால்ல தண்ணி இருக்கான்னு, அம்மாவக் கேக்காமக் கண்டுபிடிக்க வழி இருக்கா டீச்சர்?’