கம்பெனி வாசலில் நிற்கக் கூடாத கார்

அறுபதுகளில் ஒரு நாள், சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டீசல் என்ஜின் மாட்டிய பழைய காரை வாடகைக்கு ஓட்டுபவர். மற்றவர் லாரி மெக்கானிக்.

“வெடி செய்யிறவுகளே என் காரு புகையைப் பார்த்துப் பயப்படுதாக. கம்பெனி வாசல்லே நிறுத்தக் கூடாதாம்” என்றார் கார்க்காரர். “அஞ்சு வருசமா எனக்குச் சோறு போட்ட வண்டி. இன்னைக்கு அதைச் சாத்தூர்லே நிறுத்திட்டு, விக்கத்தான் ஆள் பார்க்கப் போறேன்.”

“புகை என்ன கலரு?” என்றார் மெக்கானிக்.

“நல்ல கறுப்பு.”

“நீலம்னா ஆயிலு எரியுது. கறுப்புன்னா என்ஜினுக்குக் காத்து பத்தலை. காத்து போற வழியிலே அடைப்பு ஏதும் இருக்கா?”

“அடைப்பு எப்படி வரும்? தூசி போகக் கூடாதுன்னு நானே அங்கன துணியை நாலா மடிச்சு இறுக்கிக் கட்டியிருக்கேன்.”

மெக்கானிக் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“எப்பக் கட்டுனீக?”

“பொங்கலுக்கு.”

“புகை எப்ப ஆரம்பிச்சுது?”

கார்க்காரர் யோசித்தார். “பொங்கல் கழிச்சுத்தான்” என்றார் மெதுவாக.

அடுத்த நிறுத்தத்தில் கார்க்காரர் எழுந்தார்.

“சிவகாசிக்குல்ல டிக்கெட் எடுத்தீக?” என்றார் கண்டக்டர்.

அவர் இறங்கி, சாத்தூரைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தார்.