அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பெயர்

பனிச்சறுக்குக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பருத்திக் காலுறை போட்டுவிடக் கூடாது. நிறைய அம்மாக்கள் இந்தத் தவறைச் செய்கிறார்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், அரை மணி நேரத்தில் கால் விறைத்துவிடும். கம்பளிதான் சரி. ஐந்து வருடத்தில் என் மகள் ஜெஸ்மிக்கு ஒரு நாள்கூடக் கால் விறைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்த ஒருவரை வரவழைத்ததற்கு நன்றி. எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. பதினெட்டு வருடமாக நியூ ஜெர்சியில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது வேறு யாருடைய பிள்ளையையோ பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது.

என் பெயர் ஜெபராணி. சொந்த ஊர் நாசரேத், தூத்துக்குடிப் பக்கம். பனியை நான் முதலில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஜெஸ்மி பதினொரு வயதில் இந்தப் பனிச்சறுக்கு கிளப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குகிற விளையாட்டு இல்லை இது. மெல்லிய நீளப் பலகைகளைக் காலில் மாட்டி, இரண்டு கையிலும் கோலூன்றி, மேடும் பள்ளமுமாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும். நான்கு வயதிலிருந்து ஆஸ்துமா உள்ள பிள்ளை. என் கணவர் பால்துரை அப்போதே சொன்னார், "எதுக்கு இந்த வம்பு? நம்ம ஆளுங்க எவனாவது ஐஸ்ல ஓடுறானா?" சொல்லிவிட்டு டாலஸுக்கு ஃபிளைட் ஏறிவிட்டார். அவருக்கு அங்கேதான் புராஜெக்ட். அலைந்தது நான்.

சனிக்கிழமை விடியும் முன்னால் எழுந்து வெஸ்ட் வின்ட்சர் வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரோட்டுவேன். பந்தயம் என்றால் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம். இலையுதிர் காலத்தில் பனி இல்லாதபோது சக்கரம் வைத்த பலகையில் தார்ச்சாலையில் பழகுவார்கள், அதற்கும் பின்னாலேயே போவேன். பந்தயத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் இன்ஹேலரில் இரண்டு அழுத்து. பிறகு மூன்றாவது கிலோமீட்டரில் வருகிற பெரிய ஏற்றத்தின் தலையில் போய் நிற்பேன். குளிர்காற்று அங்கேதான் அவள் நெஞ்சைப் பிடிக்கும். கோட்டின் உள்பையில் இன்ஹேலரை உடம்போடு ஒட்டி வைத்திருப்பேன், உலோக டப்பா குளிர்ந்தால் மருந்து சரியாக வராது. அவள் மேலே ஏறி வரும்போது என்னைத் தேடுவாள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் வாரம் முழுவதும் வேலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

யாமினியை இந்த கிளப்புக்குக் கூட்டி வந்ததும் நான்தான். கோயம்புத்தூர்க்காரி. மூன்று வருடம் முன்பு பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் மழையில் நின்றுகொண்டிருந்தவளைப் பாவம் பார்த்துக் காரில் ஏற்றினேன். அவளுக்கு டிரைவிங் டெஸ்டுக்கு என் காரைக் கொடுத்தேன். பித்தப்பை ஆபரேஷனுக்குப் பத்து நாள் ரசமும் குழைந்த சாதமும் கொண்டுபோனேன். அவள் மகன் இளமாறனைச் சிறுவர் பிரிவில் சேர்த்துவிட்டேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். பாய்வதற்கு முன் அது மிகவும் சாதுவாகத்தான் இருந்தது.

பலகைகளுக்கு மெழுகு தேய்க்கும் கூடாரத்தில் யாமினி உதவிக்கு நின்றாள். ஜெஸ்மி மெதுவாக அங்கேயே ஒதுங்க ஆரம்பித்தாள். முதலில் மெழுகு தேய்க்கக் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பிறகு திரும்பி வரும்போது, "ஐல் ரைட் வித் யாமினி ஆன்ட்டி" என்றாள். நான் காலி காரை ஓட்டிக்கொண்டு அவர்கள் காருக்குப் பின்னால் வந்தேன். முன்னால் போகிற காரில் இரண்டு தலைகளும் சிரித்துச் சிரித்து ஆடுவது தெரியும்.

வயது அப்படி என்று விட்டுவிட்டேன். டிசம்பரில், சீசனின் முதல் பந்தயத்தில், நம்பர் துணி கொடுக்கும் மேஜையில் எனக்கு வாலன்டியர் வேலை. பிள்ளைகளின் விவரத்தாள்கள் அங்கே இருந்தன. பதினாறு வயதாகிவிட்டதால் ஜெஸ்மி இந்த வருடம் ஆன்லைனில் அவளே நிரப்பியிருந்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: யாமினி சுவாமிநாதன். உறவு: ஆன்ட்டி. இரண்டாவது பெயருக்கான இடத்தில் டாலஸில் இருக்கும் அவள் அப்பா. மூன்றாவது பெயருக்கு அந்தத் தாளில் இடமில்லை.

அன்று காரில் கேட்டேன். "ஏன்டி, அம்மா செத்தா போயிட்டேன்?"

"இட்ஸ் ஜஸ்ட் எ ஃபார்ம், அம்மா."

"ஃபார்ம்தான். அதுல எம் பேரு ஏன் இல்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள், "பிகாஸ் யூ வான்ட் மீ டு பி சிக்."

அவள் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசையாம். இந்த வாக்கியத்தை அவளாக யோசித்திருக்க மாட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியம். அடுத்த வாரம் யாமினியே எனக்குப் போன் செய்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவளே இன்ஹேலர் வச்சுக்கட்டுமே. பெரிய பொண்ணாயிட்டா. நீங்க மேட்டுல வந்து நிக்கிறது அவளுக்குப் பிரஷரா இருக்குங்க்கா." என் கையால் ரசம் குடித்த வாய். நான் "சரிம்மா" என்றேன். எனக்குத் துரோகம் செய்தவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

ஜனவரி முழுவதும் நான் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து முடிவுப் பட்டியலை போனில் பார்ப்பேன். அவள் நேரம் ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வந்தது. நான் இல்லாமல் அவள் வேகமாக ஓடினாள். ஒரு தாய்க்கு இது எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் சாம்பியன்ஷிப். வருகிறேன் என்றேன், ஜெஸ்மி மறுக்கவில்லை. காலையில் ஹோட்டல் அறையில் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, அவள் பையின் முன் ஜிப்பிலிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, போன வருடம் தீர்ந்துபோன ஒன்றை வைத்தேன். தீர்ந்த டப்பாவை அழுத்தினாலும் ஸ்ஸ் என்று சத்தம் வரும், மருந்துதான் வராது. பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தால் சைபர் என்று தெரியும். ஜெஸ்மிக்கு அதைப் பார்க்கும் பழக்கமில்லை, அந்த வேலையைப் பன்னிரண்டு வருடமாக நான்தான் செய்தேன்.

என் நோக்கம் கெட்டதில்லை. ஏற்றத்தில் மூச்சு பிடிக்கும். டப்பா வேலை செய்யாது. நான் அங்கே நிற்பேன், நிறைந்த டப்பாவோடு. அம்மா என்று ஒரு வார்த்தை. அதை யாமினியும் கேட்க வேண்டும், கோச்சும் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

காரில் ஐந்து டிகிரி காட்டியது, நம் ஊர்க் கணக்கில் மைனஸ் பதினைந்து. பந்தயத்துக்கு முன்னால் அவள் இரண்டு அழுத்து அழுத்திக்கொள்வதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். யாமினி பக்கத்தில் நின்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஏற்றத்தில் நன்றாகத்தான் ஏறினாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வேகம் குறைந்தது. பாதையை விட்டு ஒதுங்கி, கோல்களைப் போட்டுவிட்டு, இடுப்புப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். என்னிடமிருந்து இருபதடி. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் கையைக் கோட்டுக்குள் விட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, கீழே யாமினி இருக்கும் பக்கம் திரும்ப முயற்சி செய்தாள். அது எனக்கு வலித்தது. பலகை பின்னிக்கொண்டு முழங்காலிட்டாள். மூச்சு இல்லாதவளால் கூப்பிட முடியாது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். நான் பார்மசிஸ்ட், எனக்கு அது தெரியும். ஆனாலும் உதட்டையாவது அசைத்திருக்கலாம்.

நான்கு நிமிடம். பின்னால் வந்த ஒரு பெண்தான் நின்று கத்தினாள். கோச் ஓடி வந்தார், போனில் விவரத்தாளைத் திறந்து எண்ணை அழுத்தினார். யாமினிக்குப் போன் போனது. பெற்றவள் இருபதடியில் நிற்கிறேன், இன்னொருத்திக்குப் போன் போகிறது. ஆம்புலன்ஸில் ஏறியதும் அவள்தான். நான் காரில் பின்னாலேயே போனேன். என் கோட்டின் உள்பையிலிருந்து நீங்கள் எடுத்த டப்பா அதுதான். அதைக் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை. ஆமாம், எடுக்க எனக்கு நேரம் இருந்தது.

மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகம் என்கிறார்கள். பேச்சு வராது, தானாகச் சாப்பிட முடியாது, கண் மட்டும் திறந்திருக்கிறது. நீங்கள் என்னைக் கூட்டி வருவதற்கு முன்னால் பதினோரு நாள் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். தலை வாரினேன், நகம் வெட்டினேன், உடம்பு துடைத்துவிட்டேன். யாமினி தினமும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். உள்ளே இருந்தது நான்.

இனிமேல் என்னை அந்த அறைக்குள் விடக் கூடாது என்று பால்துரை கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். நான் உள்ளே நுழைந்தால் போதும், அவள் தலைமாட்டில் இருக்கும் மெஷினில் இதயத்துடிப்பு எழுபதிலிருந்து நூற்று முப்பதுக்கு ஏறிவிடுகிறது, நான் வெளியே போனதும் இறங்கிவிடுகிறது. நர்ஸ் அதைப் பயம் என்று எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், என் பிள்ளை என்னைக் கூப்பிடுகிறாள்.