இடது பக்கம் போகும் கேபிள்

சப்வூஃபரில் கோளாறு என்று என் கார் சவுண்டு கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு சப்வூஃபரில் கோளாறே இருக்காது. எர்த்து வயரில்தான் இருக்கும். அதைக் காரின் இரும்போடு சேர்த்து முடுக்குகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் துரு ஏறியிருக்கும். இது தெரியாமல் ஆம்ப்ளிஃபையரை மாற்றுவார்கள், ஸ்பீக்கரை மாற்றுவார்கள். நான் எர்த்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். உலு திராமில் ரோலண்ட் கடை என்றால் வேலை சுத்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ரூபேந்திரனின் கார் எரிந்ததற்கு, தெரியாத்தனமாகச் செய்த வயரிங் வேலைதான் காரணம் என்று உங்கள் ஆட்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள், மேடம். அதைத் திருத்தத்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ரூபேந்திரன் என் தங்கை மெலிசாவின் புருஷன். காஹாங்கில் கோழி வெட்டி விற்கிறவன். எங்கள் அப்பாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்தான். ஆகவே தொழிலை வைத்து நான் யாரையும் தாழ்த்திப் பேசுவதில்லை. அப்பா போன பிறகு மெலிசாவை நான்தான் வளர்த்தேன், படிக்கவைத்தேன், ஜொகூர் பாருவில் கிளினிக் வேலையில் சேர்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அதை விட்டுவிட்டு இவன் பின்னால் போனாள். போகட்டும், அவள் இஷ்டம். என் பிரச்சினை வாடைதான்.

கோழிக்கடை வாடை உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. வெந்நீரில் முக்கிய இறகு, குடல், எச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. குளித்தால் போகாது. அதன் மேல் அவன் சென்ட் அடித்துக்கொண்டு வருவான். கிறிஸ்மஸுக்கு வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் நகக்கண்ணில் கறுப்பாக ஏதோ இருந்தது. அதே கையால் கேக்கை எடுத்துத் தின்றான். அவன் குடித்த கிளாஸை, அவர்கள் போனதும் குப்பையில் போட்டேன். யார் மனமும் நோகக்கூடாதென்றுதான் போகும்வரை பொறுத்திருந்தேன்.

கார் எரிந்த அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காதாம். அவன் இறங்கிச் சுற்றி வந்து, வெளியிலிருந்து அவளுக்குத் திறந்துவிட்டான். அவள் அதற்கு ஒரு ராணி மாதிரி சிரித்தாள்.

"மச்சான், சவுண்டு கொஞ்சம் ஏத்துனா போதும், ஆம்ப்ளிஃபையர்ல சிவப்பு லைட் வந்து கட் ஆயிடுது. எண்ணெய மிதிச்சு வேகம் எடுத்தா ஸ்பீக்கர்ல கீன்னு ஒரு சத்தம் வேற," என்றான்.

"யாரு வயர் இழுத்தது?"

"நானும் கூட்டாளியும் சேர்ந்து செஞ்சோம் மச்சான். உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்."

மெலிசா, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரெங் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "சாப்புடுங்கண்ணே. நல்லா செஞ்சு குடுங்க லா. பாட்டு இல்லன்னா இவருக்குக் கோழி வெட்டக் கை வராது."

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி, அவர்களைப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்க அனுப்பினேன். பிறகு காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறந்தேன்.

அதே பூட்டில்தான் அவன் கோழிக்கூடைகளை ஏற்றியிருக்கிறான். சப்வூஃபரின் கூம்பு முழுக்க இறகு ஒட்டியிருந்தது. பெட்டியை நகர்த்தியபோது அடியில் கம்பளம் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. ரத்தமும் கழுவிய தண்ணீரும் வடிந்து ஊறி, அந்த மூலையில் புழு வைத்திருந்தது. வெள்ளையாக, சோற்றுப்பருக்கை மாதிரி. எர்த்து வயரின் போல்ட்டு அதற்கு நடுவில் இருந்தது. துருவேறிப் பச்சை பூத்திருந்தது. நான் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

அப்போதுகூட எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கோபத்தில் செய்தேன் என்று தயவுசெய்து ரிப்போர்ட்டில் போடாதீர்கள். கையுறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தேன். எர்த்துக்குப் புது இடம் பார்த்து, இரும்பு பளபளக்கத் தேய்த்து முடுக்கினேன். கீன்னு வந்த சத்தம் நின்றது. சிவப்பு விளக்கும் வரவில்லை. ஒழுங்காகச் செய்த வேலை அது.

அடுத்து முன்பக்கம் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் கேபிள், இரும்புத் தட்டில் துளை போட்டு உள்ளே நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். அவர்கள் போடவில்லை. இரும்பின் விளிம்பு கேபிளை அறுத்துத் தோலைப் பாதி உரித்திருந்தது. இந்த மாதிரி நேரத்தில் காப்பாற்றுவதற்குத்தான் ஃபியூஸ் இருக்கிறது. கேபிள் இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும், கார் பிழைக்கும்.

ரப்பர் வளையம் என் மேசை டிராயர் நிறைய இருந்தது. எடுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் போடவில்லை. அறுந்த இடத்தில் அவர்கள் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து எடுத்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபியூஸ் இல்லாத வேறொன்றை வைத்து மூடினேன். உள்ளே கேபிளை மறைக்கும் கம்பளத்தை ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடையின் கண்ணாடி அதிர்ந்தது. ரூபேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். "மச்சான், கை இல்ல இது, தங்கம்," என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் போன பிறகு அந்தக் கையை நெடுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கார் காஹாங்குக்குப் போகிற வழியில், செம்பனைக் காட்டுக்கு நடுவில் எரிந்தது. அவன் வெளியே குதித்துவிட்டான். இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது அல்லவா, சுற்றி ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். காய்ந்த இரும்பில் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டதாம். விடாமல் இழுத்து அவளை வெளியே எடுத்திருக்கிறான். மெலிசா குளுவாங் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு இரண்டு கையிலும் கட்டோடு வந்தான். கோயிலில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "மச்சான், நீங்க நல்லா செஞ்சு குடுத்தீங்க. நான் முன்னாடி அரகொறயா இழுத்த வயர்தான் அவள எரிச்சிருச்சு. நான்தான் கொன்னுட்டேன்," என்றான். மருந்து வாடைக்கு அடியில் அந்தப் பழைய வாடை அப்படியே இருந்தது. ஃபாதரிலிருந்து எல்லாரும் வந்து அவன் முதுகைத் தடவினார்கள். போலீசிலும் அதையேதான் சொல்லியிருக்கிறான். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நான் செய்ததை அவன் எடுத்துத் தன் மேல் பூசிக்கொண்டு அழுகிறான். ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. அந்தக் காரில் அவன் கைக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை என்பது போலப் பேசுகிறான். அது அவன் வேலை இல்லை. என் வேலை.

கேபிள் ஏன் இடது பக்கமாகப் போனது என்று சற்றுமுன் கேட்டீர்கள். அந்த மாதிரிக் காரில் பேட்டரி இடது பக்கம் இருக்கும். கேபிளும் இடது பக்கமாகத்தான் போகும், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில். ஆமாம், அது எனக்குத் தெரியும். கதவு திறக்காது என்பதும் தெரியும். அந்தக் கதவைச் சரிசெய்ய ஒரு சின்ன கிளிப் போதும். அதையும் நான் தொடவில்லை.

அவனைத்தானே நினைத்துச் செய்தீர்கள், அவள் ஏறுவதைப் பார்த்தபோது தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுக்கலாம் என்றுதான் வாசலுக்கு வந்தேன். "மெலிசா, நீ இரு, பஸ்ல அனுப்புறேன்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சின்ன வயதில் செய்கிற மாதிரி, தலையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அவள் தலைமுடியில் அதே வாடை அடித்தது. இறகும் குடலும் எச்சமும். அது அவளுக்குத் தெரியவே இல்லை.

நான் அவளை மெல்ல விலக்கிவிட்டு, "பாத்துப் போ," என்றேன். அவன் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள். நானே கதவைச் சாத்தினேன். தெரிந்துதான் சாத்தினேன், மேடம். இதை நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. எல்லாம் என் தங்கச்சிக்காகத்தான் செய்தேன்.