கேற்றுக்கு ஒரு தாங்கி

...இல்லைத் தம்பி, நீ கயித்தைக் கட்டு, நான் சும்மா சொல்லுறன். மிஞ்சின தண்ணித் தாங்கியளைக் கொடிகாமத்து ஸ்ரோருக்கே திருப்பிக் கொண்டு போறாய்? போகலாம், போகலாம். இண்டைக்கு உந்தக் காலனியிலை ஆரார் நிண்டது தெரியுமே? அமைச்சர் ஒராள். அவருக்குக் குடை பிடிக்க ஒராள். படம் பிடிக்க நாலு பேர். பொலிஸ் ஆறு. கிராமசேவகர், எங்கடை விதானையார். மாலையோடை காலனித் தலைவர் பொன்னம்பலத்தார். இருபத்திரண்டு வீட்டுச் சனம், பிள்ளையளோடை எழுபத்தொரு பேர். லொறியோடை நீ. கடைசியா நான், மதிலோரம். எனக்குச் சனத்துக்கை நிக்கக் கூச்சம்.

"உங்கடை தாகம் எனக்குத் தெரியும்" எண்டார் அமைச்சர். ஆற்றை தாகம்? எல்லாம் கனடாக் காசிலை எழும்பின மாடி! மேலை பார், தாங்கி இல்லாத கூரை ஒண்டு காட்டு. அற்புதராணி வீட்டிலை முதலே ரெண்டு. இண்டைக்குக் குடுத்த தாங்கி முத்தத்திலை நாய்க்கு நிழல்! வாற மாதம் எலெக்சன், வேறை என்ன...

உந்த மாடியளுக்குப் பின்னாலை அஞ்சு ஓலைக் கொட்டில் வீடு கிடக்கு. அவைக்கு ஒண்டு குடுத்தவையே? கிணறு உப்பு. தாங்கி இருந்தால்தான் தண்ணி லொறி, பவுசர்க்காரன், தண்ணி ஊத்துவான். அதிலை ஒண்டிலை இருக்கிற கமலாவதி கைப்பிள்ளையோடை கோயிலடியிலை இருந்து குடத்திலை சுமக்கிறாள். நடந்து எண்ணினன், நானூற்றிப் பதினாறு எட்டு வைக்கோணும். ஒரு பக்கம் மட்டும்!

ஆர் உந்தப் பட்டியலை எழுதினதோ... கயிறு இறுகினது காணும், கொஞ்சம் பொறு தம்பி.

நான்தான்.

விதானையார் தனக்கு முழங்கால் நோவெண்டு என்னை வீடுகளை எண்ணச் சொன்னார். வீடு வீடாப் போய்க் கூப்பிட எனக்கு வெக்கம். றோட்டாலை நடந்து வாசல் கேற்றை எண்ணினன். போகேக்கை இருபத்தொன்பது. வரேக்கையும் இருபத்தொன்பது. அதைத்தான் எழுதிக் குடுத்தன், அத்தனை தாங்கி வந்துது. எண்ணினதிலை பிழையே இல்லை! ஆனால் உந்த மாடிக்காரரிலை சில பேருக்குக் காருக்கொரு கேற், ஆக்கள் போக ஒரு கேற்; தாங்கி எண்டால் வீட்டுக்கு ஒண்டுதான் குடுத்தது. பின்னாலை இருக்கிறவைக்குக் கேற் இல்லை, வேலியிலை நுழையிற ஒரு பொட்டுத்தான்.

அஞ்சை இறக்கிவிடு ராசா. பிழை என்ரை எண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தாறன். பேனை இருக்கு, பொறு... எங்கை ஏறுறாய்? ஸ்ராட் பண்ணாதை! தம்பி! அஞ்சு வேண்டாம், சரி, கமலாவதிக்கு ஒண்டு!... ஒண்டடா!

போறான். வளைவிலை திரும்புறான்... ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஓம், கணக்குச் சரிதான். ஏழு.