வேர்க்காத கை

எனக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் சரியாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் அதற்குக் கையில் அகப்பட்ட பீக்கரை எடுத்துக்கொள்வேன். கூடாதுதான், ஆனால் டம்ளரைத் தேடிக்கொண்டு யார் அலைவது?

அப்படிக் கொப்பளித்த பீக்கர் ஒன்றை ஒருநாள் சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டேன். அதைத் தங்கை எடுத்துவிட்டாள். ஆரம்பம் இவ்வளவுதான். அதில் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கண்ணாடித் தட்டில் ஒரு சிவப்புக் கரைசலை மெல்லிசாக ஊற்றி ஆடாமல் வைப்போம். சற்று நேரத்தில் எங்காவது ஒரு நீலப் புள்ளி முளைக்கும். அது வளையமாக விரியும். ஓர் அலை போன இடம் கொஞ்சம் இளைப்பாறினால்தான் அடுத்த அலைக்கு வழிவிடும். இரண்டு வளையங்கள் முட்டிக்கொண்டால் இரண்டுமே அழிந்துபோகும். விரிகிற வளையத்தை ஊசியால் கீறி அறுத்தால், அறுந்த முனை சுருண்டு சுற்ற ஆரம்பிக்கும். இதயத் தசையில் ஓடும் அலைகளும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்பதால் எங்கள் துறைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இந்தக் கரைசலுக்கு ஆகாதது உப்பு. கலந்தால் அலை எழாது. வியர்வைக் கை பட்டாலே முரண்டு பிடிக்கும்.

நான் பல வருஷமாக வளையங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தங்கை பின்னால் வந்தவள், நான் சிபாரிசு செய்து சேர்த்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே சுருள்களைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்தாள். பார்வையாளர்கள் வந்தால் துறைத்தலைவர் என் மேசையைத் தாண்டி நேரே அவளிடம் அழைத்துப்போவார். போகிற போக்கில் "இவங்க அவங்களோட அக்கா" என்பார். அந்தச் சமயம் பார்த்து நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியானது. இரண்டு பேரும் விண்ணப்பித்திருந்தோம்.

பீக்கரை எடுத்த அன்று அவள் தட்டு சிவப்பாகவே கிடந்தது.

"அக்கா, ஒண்ணுமே வரமாட்டேங்குதே. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

பீக்கரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. இதைச் சொல்ல நாக்கூசுகிறது.

"உன் கை வேர்க்குதுடீ. அதான்" என்றேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். பரீட்சையில் கைக்கு அடியில் கைக்குட்டை வைத்துத்தான் எழுதுவாள். "இவ தொட்டா காகிதம்கூடக் குளிச்சிட்டு வருது" என்று அம்மா கேலி செய்வாள். அதனால் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

கரைசல் கலக்க எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பாட்டில் உண்டு. மறுவாரத்திலிருந்து அவள் பாட்டிலில் நானே உப்புநீர் விட ஆரம்பித்தேன். கொஞ்சம்தான்.

ஒருமுறை, "தண்ணில ஏதாவது இருக்குமோக்கா?" என்று கேட்டாள். அதே கேனிலிருந்து நிரப்பிய என் பாட்டிலை எடுத்துச் செய்துகாட்டினேன். அலை அழகாக வந்தது. அவள் தன் பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டிருந்தால் பால்போல் வெளுத்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். முதல் வருஷ மாணவிக்குத் தெரிந்த சோதனை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. அக்கா சொல்லிவிட்டாளே.

கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. மருந்து தடவிவிட்டது நான்தான். நேர்காணலன்று அவள் செய்துகாட்டிய தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு வேலை கிடைத்த கையோடு அவளுக்கு அலை வந்தால் யாராவது யோசிப்பார்கள் அல்லவா? அந்த நேரத்தில்தான் அவளே ஓர் அறுவைச் சிகிச்சையைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தாள். நெஞ்சில் துளைபோட்டு, கையை வேர்க்கவைக்கும் நரம்பை வெட்டிவிடுவார்களாம்.

தங்கையின் கணவர் பதறிப்போய் என்னிடம் வந்தார். "வேர்வைக்கெல்லாம் யாராவது நெஞ்சத் தொளைப்பாங்களா? நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் சொல்லுங்க."

"அவ ஆசப்படறா, விடுங்களேன்" என்றேன்.

கை காய்ந்த பிறகு அலை வந்தால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படித்தான் யோசித்தேன். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பியதும் உப்பை நிறுத்தினேன். அலை வந்தது. "நீ சொன்னது சரிதாங்க்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்றுவரை அவள் கை காய்ந்தே இருக்கிறது. கையில் வராத வியர்வை முதுகிலும் வயிற்றிலும் கொட்டுகிறது. மாற்றுத்துணி இல்லாமல் எங்கும் போவதில்லை. ஆபரேஷனில் பக்கத்து நரம்பும் அடிபட்டு இடது கண்ணிமை சரிந்தது சரிந்ததுதான். அந்தக் கண்ணைப் பார்த்துப் பேச என்னால் முடிவதில்லை.

அவள் மகளுக்கும் அம்மாவைப் போலவே கை வேர்க்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது, வேதியியல் எடுத்திருக்கிறாள். "நான் பட்ட பாடு இவளும் படவேண்டாம்க்கா, காலேஜ் தொறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்று தங்கை அதே மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டாள். இந்த வாரக் கடைசியில். நேற்று அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, பயமா இருக்கு. நிஜமாவே இது வேணுமா?"

"உங்கம்மாவப் பாரு, எவ்வளவு நல்லா இருக்கா" என்றேன்.

குற்றம் முழுக்க என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். தங்கையிடமும் சொல்லத்தான் போகிறேன், இதை மறைத்துக்கொண்டே சாக நான் ஒன்றும் அவ்வளவு மோசமானவள் இல்லை. ஆனால் இப்போது சொன்னால் வீடே இடிந்துபோகும், குழந்தையின் மனசும் கலங்கும். அதனால் முதலில் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும் என்று பொறுத்திருக்கிறேன்.